கதவுக்கு வெளியே நான்தான்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று சலவைக்கு வந்த விரிப்பு நிறைய. ஓட்டலில் எல்லா அறையும் நிரம்பிவிட்டதாம். தேய்க்கிற மிஷின் நடுவில் நின்றுபோனது. நானும் கூட வேலை பார்ப்பவளும் ஆளுக்கு இரண்டு முனை பிடித்துக் கையாலேயே மடித்தோம். கிட்டே வந்து, தூரப் போய், மறுபடி கிட்டே வந்து. பக்கத்தில் வரும்போதெல்லாம் அவள் என் முகத்தைப் பார்க்காமல் விரிப்பையே பார்க்கிறாள். பாவம், என்ன சொல்வதென்று அவளுக்கும் தெரியாது.

எழுதச் சொன்னது அக்கா. "சொன்னதையே சொல்லிட்டிருக்க. எனக்குக் காது புளிச்சுப்போச்சு. எழுதித் தொலை." அவள் இப்படித்தான் பேசுவாள். தன் வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு என்னோடு வந்து கிடப்பவளும் அவள்தான்.

ஐந்தாவதோடு நின்ற படிப்பு. எழுத்துக் கூட்டி எழுதுகிறேன்.

என் பையன் சுண்டு போனது மழைக்காலத்தில். வேலை முடிந்து வரும்போது வண்டி சறுக்கியது. இவ்வளவுதான் எழுத வருகிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

கண்ணாடி வந்தான். சுண்டுவும் அவனும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்று. மூக்குக்கண்ணாடி போட்ட நாளிலிருந்து அவனுக்கு அதுதான் பெயர். இரண்டு பேரும் வேலை முடிந்து உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கேம் செய்வார்கள். சுண்டு போன பிறகு இன்றைக்குத்தான் படியேறி வருகிறான். சுண்டு உட்காரும் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான்.

"ஊருக்கு வெளியில பெரிய பார்க் ஒண்ணு கட்டுறாங்கல்லம்மா. அங்கதான் இப்ப எனக்கு வேலை."

"ராட்டினமா?" என்றாள் அக்கா.

"ராட்டினமே கிடையாது பெரியம்மா. முழுக்க வீடியோ கேம்தான். ஒவ்வொரு கேமும் ஒரு இடம். கேமுக்குள்ள நாமளே நடந்து போற மாதிரி."

"நடந்து போறதுக்கு எதுக்குடா பார்க்கு? ரோடு இருக்கே."

அவன் சிரித்தான். பிறகு சிரித்ததற்கு வருத்தப்பட்டவன்போல் என்னைப் பார்த்தான். வெறும் கேமை வைத்து ஒரு முழுப் பார்க்கை நடத்த முடியுமா என்று கம்பெனிக்கே இன்னும் தெரியாதாம். பெரிய பெரிய கேமெல்லாம் வாங்கிப் போட்டாயிற்றாம். ஒரு மூலை மட்டும் காலி. சின்னதாக, புதிதாக ஏதாவது வேண்டும் என்றார்களாம். இவன் சுண்டு செய்ததைக் காட்டியிருக்கிறான். பிடித்துவிட்டதாம்.

"நீங்க சரின்னா குடுத்துடலாம்மா. அவன் பேரு நிக்கும்."

"என்ன கேம்ப்பா அது?"

"அவன் காட்டலையா?"

முடிந்ததும் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தான்.

சரிப்பா என்றேன். அவன் பெயர் நிற்கும் என்றால் வேறு என்ன சொல்வேன்.

மார்ச் 2, ஞாயிறு

கண்ணாடி கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து கேமைப் போட்டுக் காட்டினான். திரையில் எங்கள் பழைய கீழ் அறை. அப்படியே. சுவரில் ஈரம் ஏறிய இடம்கூட.

இந்தக் கட்டிடத்துக்குத் தெருக்கதவு ஒன்றுதான். எப்போதும் உள்தாழ் போட்டிருக்கும். மாடிக்காரர்கள் யார் வந்தாலும் தட்டவேண்டும், கீழ் அறையில் இருப்பவர்கள் எழுந்து போய்த் திறக்கவேண்டும். இப்போது மாடியில் இருக்கிறோம், சுண்டு சின்னவனாக இருந்தபோது நாங்கள்தான் கீழ் அறை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, நான் வேலையிலிருந்து திரும்பும்வரை அவன்தான் வாட்ச்மேன். "யாரு?" என்பான். வெளியே இருக்கிறவர் "நான்தான்" என்பார். எல்லோரும் அதையேதான் சொல்வார்கள். வீட்டுக்காரரும் நான்தான். மீட்டர் பார்க்க வருபவரும் நான்தான். முகவரி தப்பி வந்தவனும் நான்தான். அது எந்த நான் என்று கண்டுபிடிப்பது அவன் பாடு.

அதைத்தான் கேமாகச் செய்து வைத்திருக்கிறான். பெயரே 'நான்தான்'. அறையில் ஒரு பிள்ளை இருக்கிறது. அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள். கதவு தட்டும் சத்தம் கேட்கும். நாம் ஒரு பட்டனை அழுத்தினால் பிள்ளை "யாரு?" என்று கேட்கும். "நான்தான்." திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யவேண்டியது நாம். அம்மாவுக்குத் திறந்தால் ஜெயித்தோம்.

அக்கா என் தோளில் ஏறாத குறை. "தொறக்காதடி. இருமுறான் பாரு, வீட்டுக்காரன்." சொல்லி முடிப்பதற்குள் என் விரல் அழுத்திவிட்டது. வீட்டுக்காரர் உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் மோட்டார் பற்றிப் பேச ஆரம்பித்தார். தப்பாகத் திறந்தால் இதுதான் தண்டனை. வந்தவர் லேசில் போகமாட்டார். வீட்டுக்காரர் நிஜத்திலும் அப்படித்தான்.

"அவரு குரல் எப்படிப்பா கிடைச்சுது?"

"அவரு எங்க குடுக்கப் போறாரும்மா. எல்லாம் சுண்டுதான். ஒரே ஆளு, எல்லாக் குரலும்."

அதற்குப் பிறகு நான் கேம் ஆடவில்லை. தட்டியவர்களுக்கெல்லாம் திறந்துவிட்டேன். மோட்டார் பேசட்டும், மீட்டர் பேசட்டும், வழி கேட்கட்டும். எல்லாம் என் பிள்ளை. இருமுவதும் அவன்தான், அதட்டுவதும் அவன்தான். அக்கா, "இப்படி ஆடினா நீ எப்பவும் தோப்பேடி" என்றாள். அவளுக்குப் புரியாமல் இல்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

கடைசியில் பை ஒன்றைத் தரையில் வைக்கும் சத்தம். ஒரு பெருமூச்சு. "நான்தான்."

என் குரல். அதை மட்டும் நிஜமாகவே பிடித்து வைத்திருக்கிறான். எப்போது பிடித்தான் என்று எனக்குத் தெரியாது. திறந்தேன். விளக்கு எரிந்தது. அவ்வளவுதான், அம்மா வந்தாயிற்று, கேம் முடிந்தது.

கண்ணாடி கம்ப்யூட்டரை மூடி எடுத்துக்கொண்டு போனான். அது கம்பெனியுடையது, அவன் கையை விட்டுப் போகக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் என்றிருக்கிறான்.

மார்ச் 20, வியாழன்

என் குரலைப் பிடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். சுண்டு பிடித்ததில் தெருச் சத்தம் அதிகம், பெரிய ஸ்பீக்கரில் போட்டால் கரகரக்கிறதாம். லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

சின்ன அறை. சுவரெல்லாம் மெத்தை ஒட்டியது மாதிரி. பேசினால் குரல் உதட்டைத் தாண்டிப் போகமாட்டேன் என்கிறது. கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்கம்மா."

"நான்தான்."

"இன்னும் கொஞ்சம் இயல்பா."

"நான்தான்."

"வீட்டுல சொல்ற மாதிரிம்மா."

"யாரும் கேக்கலையே."

"என்ன கேக்கல?"

"யாருன்னு."

அவர் யோசித்துவிட்டு, நல்ல மனுஷன், மைக்கைப் பிடித்து "யாரு?" என்று கேட்டார். கட்டைக் குரல். எனக்கு வாயே திறக்கவில்லை. இவரிடம் போய் நான் எப்படிச் சொல்வேன். மறுபடி கேட்டார். மறுபடி. சொன்னேன், ஆனால் வந்தது என் குரல் இல்லை. அதிகாரியிடம் ஆஜர் சொல்கிற குரல்.

பரவாயில்லம்மா, பாத்துக்குறோம் என்று அனுப்பிவிட்டார்கள். வாழ்நாளெல்லாம் சொன்ன ஒரு வார்த்தை.

மார்ச் 21, வெள்ளி

தொண்டை கட்டிக்கொண்டது. ஒரே வார்த்தைக்குத் தொண்டை கட்டுமா?

ஏப்ரல் 12, சனி

கண்ணாடி இரண்டு ஞாயிறாக வரவில்லை. இன்று வந்தான், வெறுங்கையோடு. தண்ணீர் கொடுத்தேன், டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"கேமைக் கொஞ்சம் மாத்திட்டாங்கம்மா."

"கொஞ்சம்னா?"

"கதவு இருக்கும். தட்டுவாங்க. யாருன்னு கேக்கணும். நான்தான்னு சொல்லுவாங்க. அதெல்லாம் அப்படியேதான்." டம்ளரைச் சுழற்றினான். "தொறந்தா பேய்."

"எந்தக் கதவுல?"

"எல்லாக் கதவுலயும்."

"கடைசிக் கதவுல?"

டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு சொன்னான். "அங்கயும்தாம்மா. அம்மா குரல் கேக்கும். எல்லாரும் நம்பித் தொறப்பாங்க. அதுதான் பெரிய பேய். அம்மா வரவேமாட்டாங்க. அதுதான் கதைன்னு சொல்லிட்டாங்க."

அக்கா சமையலறையிலிருந்து வந்து நின்றாள். "அப்ப என் தங்கச்சி பேயாடா?"

"பெரியம்மா, நான் எவ்வளவோ சொன்னேன்."

"என்னத்தச் சொன்ன? சொன்னா அவங்களுக்குக் காது கேக்காதா?"

"நான் அங்க சின்ன ஆளு பெரியம்மா. கேம் இப்ப அவங்களோடது. குடுத்தாச்சு."

குடுத்தாச்சு. குடுத்தது நான்தானே, சரிப்பா என்று. அவனைத் திட்ட வாய் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மாட்டினான், மறுபடி கழற்றினான். அவனும் ஒரு பிள்ளை. அக்காவே கடைசியில், "சாப்பிட்டியாடா?" என்று கேட்டாள்.

மே 6, செவ்வாய்

பார்க் ஆபீசுக்குப் போனேன். அக்கா வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். வந்தால் அடிதடியாகும்.

பொறுப்பில் இருப்பவர் ஒரு பெண். எல்லோரும் மேடம் என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கெட்டவராக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து வந்து கையைப் பிடித்து உட்காரவைத்தார். மேஜை நிறையப் பார்க்கை பொம்மைபோலச் செய்து வைத்திருந்தார்கள். மலை, கோட்டை, வானத்தில் தொங்கும் பாலம். மூலையில் தீப்பெட்டி மாதிரி ஒன்று. "இது உங்க பையனோடதும்மா" என்று விரலால் தொட்டுக் காட்டினார்.

வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அங்கே போனதும் எல்லாம் போய்விட்டது. ஒன்றே ஒன்றுதான் வாயில் வந்தது.

"அவன் பேய்க் கதை எழுதலைங்க."

"தெரியும்மா. நான் அந்தக் கேமை வீட்டுல ஆடியிருக்கேன். அழுதுட்டேன்." நிஜமாகத்தான் சொன்னார், முகத்தில் தெரிந்தது. "ஆனா நான் ஒருத்தி தனியா உக்காந்து ஆடினேன். சினிமாவ வச்சுப் பார்க் கட்டினா ஜனங்க பாத்துட்டுப் போயிடுவாங்க. கேம்னா அவங்களே செய்யணும். ஒவ்வொருத்தருக்கும் தான்தான் ஹீரோ. இங்க ஆயிரக்கணக்குல வருவாங்க, அத்தன பேரும் ஹீரோவாகணும். வெறும் கேம் ஒரு முழு பார்க்கைத் தாங்குமான்னே தெரியாமதான் நாங்க தூங்காம கிடக்குறோம்."

"அம்மா வர்ற மாதிரியே வச்சா என்னங்க?"

"அதுக்குக் காத்திருக்கணும்மா. காத்திருக்கிறது ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாத்தான் வரும். பயம்தான் எல்லாருக்கும் ஒரே நேரத்துல வரும். வெளிய வரிசை நிக்குது, உள்ள போனவங்க சீக்கிரம் வெளிய வரணும்."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருப்பேன்.

கிளம்பும்போது சொன்னார். "உங்க குரல் அதுல இல்லம்மா. சரியா வரலன்னு வேற ஒரு நடிகைய வச்சுப் பேசவச்சுட்டோம். உங்களுக்குக் கஷ்டமா இருக்காது." மற்ற குரல்கள்? அவையும் மாற்றியாயிற்றாம். குரல் கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் பேசியிருக்கிறார்களாம்.

டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது?

மே 9, வெள்ளி

என் குரல் பேய்க்குப் போகவில்லை என்று சந்தோஷப்படவேண்டுமா? அவன் குரலும் இல்லை, என் குரலும் இல்லை. அப்புறம் அங்கே இருப்பது யார்?

விரிப்பு மடிக்கும்போது இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முனை மாறிப் பிடித்துவிட்டேன். கூட வேலை பார்ப்பவள் திருப்பிப் பிடித்தாள்.

ஜூலை 19, சனி

பார்க் திறந்துவிட்டார்கள். கண்ணாடி பாஸ் கொடுத்திருந்தான். போகமாட்டேன் என்றிருந்தேன். அக்கா புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். "பிள்ளை பேரு போட்டிருக்காங்களான்னு பாத்துட்டு வந்துடலாம். வா."

என்ன கூட்டம். வாள் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள், சுவரில் ஏறுகிறார்கள். அக்கா எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டு எல்லாவற்றையும் திட்டிக்கொண்டு வந்தாள். ஓர் இடத்தில் பெரிய காளான் மேல் ஏறிக் குதித்தால், வாயைத் திறந்த பை மாதிரி ஒரு பொம்மை பேசுகிறது. "இதுக்கெல்லாம் பசங்க சோறு தண்ணி இல்லாம உக்காந்திருக்காங்களா?" என்றாள்.

சுண்டுவின் இடத்துக்குத்தான் வரிசை நீளம். பெயர் இருந்தது. கதவுக்குப் பக்கத்துப் பலகையில், கீழே, சின்ன எழுத்தில். அக்கா விரலால் தடவிப் பார்த்தாள்.

உள்ளே எங்கள் அறை இல்லை. நீளமாக ஒரு வழி, இரண்டு பக்கமும் கதவுகள், எல்லாம் உடைந்தும் கரி பிடித்தும். ஒரு கூட்டமாக விடுகிறார்கள். எல்லோரும் சேர்ந்து "யாரு?" என்று கத்தவேண்டும். உள்ளேயிருந்து "நான்தான்." திறந்தால் ஒன்று பாய்கிறது. எல்லோரும் அலறுகிறார்கள், உடனே சிரிக்கிறார்கள். எனக்கு முன்னால் ஒரு தாயும் மகளும். அந்தப் பெண் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அவள் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டே நடந்தாள்.

கடைசிக் கதவு. யாரு என்றார்கள். அந்த நடிகை சொன்னாள், "நான்தான்." நல்ல குரல். இதமான குரல். எனக்கே திறக்கலாம் போலிருந்தது. ஒருவர் திறந்தார்.

வெள்ளைப் புடவையில் ஏதோ ஒன்று மேலே விழுகிற மாதிரி வந்தது. கத்தினேன். நானும்தான். என்ன வரப்போகிறது என்று தெரிந்த நானே தொண்டை கிழியக் கத்தினேன். அக்கா கைப்பையால் அதன் தலையில் ஒரு போடு போட்டாள். "அடிக்காதீங்க பெரியம்மா, வேலைங்க இது" என்றது பேய். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

வெளியே வந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கத்திவிட்டேனே. அவன் செய்த கதவைப் பார்த்து, அம்மா வந்திருக்கிறாள் என்று கேட்டு, நான் கத்திவிட்டேனே.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கண்ணாடி வந்திருந்தான். பார்க் சரியாகப் போகவில்லையாம். வருகிறவர்கள் ஒரு முறை ஆடிவிட்டு, இதை வீட்டிலேயே ஆடலாமே என்கிறார்களாம். ராட்டினமும் தண்ணீர்ச் சறுக்கலும் கொண்டுவரப் போகிறார்கள். கோட்டையை இடிக்கிறார்கள். வெறும் கேம் ஒரு முழுப் பார்க்கைத் தாங்காது என்று முடிவாகிவிட்டது.

"நம்ம கதவு மட்டும் நிக்கும்மா. அதுக்குத்தான் கூட்டம். மேடமே சொன்னாங்க."

"நம்ம கதவுன்னு சொல்லாதப்பா" என்றேன். வேறு கோபம் இல்லை.

பழைய கேமைக் கேட்டேன். கம்பெனி அதை எடுத்துப் பூட்டிவிட்டதாம், அவனாலேயே இப்போது திறக்க முடியவில்லையாம். தலை குனிந்தபடியே சொன்னான். நானும் நிமிர்த்தவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

தெருவில் பிள்ளைகள் அதையே ஆடுகிறார்கள். கதவைத் தட்டுவது, நான்தான் என்று இழுப்பது, அலறிக்கொண்டு ஓடுவது. மீட்டர்காரர் பாவம், எந்த வீட்டிலும் அவருக்குத் திறக்கமாட்டேன் என்கிறார்களாம்.

அக்டோபர் 16, வியாழன்

வேலை முடிந்து வந்து தெருக்கதவைத் தட்டினேன். கீழ் அறைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு சின்னப் பெண். பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இப்போது அவள்தான் வாட்ச்மேன். ஓடி வரும் சத்தம் கேட்டது.

"யாரு?"

"நான்தான்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

உள்ளே ஓர் அலறல். விளையாட்டு அலறல் இல்லை. அவள் அம்மா எங்கிருந்தோ, "தொற பாப்பா, கை வேலையா இருக்கேன்" என்றாள். "மாட்டேன். நான்தான்னு சொல்லுது. பேய்" என்றது பிள்ளை. அழுகை வந்துவிட்டது அதற்கு.

நான் நின்றுகொண்டிருந்தேன். என்ன சொன்னால் நம்பும்? மாடிவீடு என்றால் மாடியில் நாலு வீடு. என் பெயர் அதற்குத் தெரியாது. இந்தத் தெருவில் யாருக்குமே தெரியாது. யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவிடுக்கில் மூச்சுக் கேட்டது. சின்னக் குரலில் கேட்டாள்.

"எந்த நான்?"

"சுண்டு அம்மா."

பிறகு தாழ்ப்பாள் மெதுவாக நகர்ந்தது. ஒரு கண் மட்டும் எட்டிப் பார்த்தது. என்னைப் பார்த்ததும் கதவை முழுக்கத் திறந்தாள். "மொதல்லயே அப்படிச் சொல்ல வேண்டியதுதான" என்றாள் கோபமாக. "இனிமே அப்படித்தான் சொல்லணும். இல்லைன்னா தொறக்கமாட்டேன்."

சரி என்றேன்.

இனி தினமும் அதைச் சொல்லித்தான் வீட்டுக்குள் வரவேண்டும்.